மூணு வருஷமா மால்டா... முதல் தடவையா டூர்!

''மச்சி, லீவுக்கு மால்டா போறேன்!''னு கிளாஸ்ல சொன்னதும் கடைசி பெஞ்ச்ல இருந்து வந்த முதல் ரியாக்‌ஷன்: ''மேற்கு வங்காளமா? வரும்போது மாம்பழம் வாங்கிட்டு வா!''

அது மால்டா மாவட்டம் பாஸ். நான் சொல்றது மத்தியதரைக் கடல்ல, இத்தாலியோட சிசிலிக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கற குட்டியூண்டு தீவு நாடு. மால்டா, கோஸோ, கோமினோனு மூணு தீவையும் சேர்த்தாலே 316 சதுர கிலோமீட்டர்தான். நம்ம சென்னை மாநகராட்சியே 426! ஒரு நாட்டைத் தூக்கி சென்னைக்குள்ள வெச்சாலும், மிச்ச இடத்துல பைக் பார்க்கிங் போடலாம்.

சிவில் இன்ஜினீயரிங் தேர்ட் இயர் பையனுக்கு ஐரோப்பா டூரானு நீங்க முறைக்கறது தெரியுது. பின்னணி இதுதான்... என் பெரியம்மா பொண்ணு அங்கே இருக்காங்க. நாகர்கோவில்ல பி.எஸ்சி. நர்ஸிங் முடிச்சுட்டு, மூணு வருஷமா மால்டாவுல ஒரு முதியோர் இல்லத்துல வேலை. வாட்ஸ்அப் டி.பி-யில எப்பவும் நீலக் கலர் கடல். ''அவளுக்கென்ன, யூரோப்புல ஜாலியா இருக்கா!''னு சொல்லாத சொந்தக்காரங்க எங்க வீட்டுல இல்லை. ரெண்டு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு, அம்மாவோட சீட்டுப் பணம் ரெண்டையும் போட்டு ஜூன் மாசம் கிளம்பிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் அக்காகிட்ட கேட்டேன்... ''அக்கா, இங்க எதை முதல்ல பாக்கலாம்?''

அவங்க சிரிச்சாங்க. ''எனக்கு எப்பிடி மக்கா தெரியும்? நான் பாத்ததெல்லாம் ரெண்டு பஸ் ஸ்டாப்பும் ஒரு சூப்பர் மார்க்கெட்டும்தான். அந்த டி.பி போட்டோகூட பஸ்சுக்கு நிக்கும்போது எடுத்தது, கேட்டியா!''

ஸோ ஃப்ரெண்ட்ஸ், இது ஒரு டூரிஸ்ட் எழுதுற கட்டுரை இல்லை. ஒரு டூரிஸ்ட்டும், மூணு வருஷமா அங்கேயே இருந்தும் ஊரைப் பார்க்காத ஒருத்தரும் சேர்ந்து சுத்தின கதை. வாங்க, போலாம்!

விசா வேணுமா? முதல்ல போனஃபைட் வாங்குங்க!

மால்டா 2004-ல ஐரோப்பிய யூனியன்ல சேர்ந்துச்சு. 2007 டிசம்பர்ல ஷெங்கன் வட்டத்துக்குள்ள வந்துச்சு. 2008 ஜனவரி 1-லேர்ந்து யூரோதான் பணம். அதனால நமக்கு வேண்டியது ஷெங்கன் விசா. கட்டணம் 90 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய்னு தோராயமா மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா கணக்கு ஈஸி, ஆனா வயிறு எரியும்!

ரிட்டர்ன் டிக்கெட், தங்கற இடத்தோட புக்கிங், குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ் உள்ள டிராவல் இன்ஷூரன்ஸ், அப்பாவோட பேங்க் ஸ்டேட்மென்ட், காலேஜ் போனஃபைட்... இவ்வளவும் வேணும். இதுல விசா கிடைக்கறதைவிட, காலேஜ் ஆபீஸ் ஜன்னல்ல நின்னு போனஃபைட் வாங்கறதுதான் நிஜமான எல்லை தாண்டற அனுபவம். சென்னையிலேர்ந்து நேர் விமானம் கிடையாது. துபாய் வழியாவோ, ஃப்ராங்க்ஃபர்ட் மாதிரி ஐரோப்பிய ஊர் வழியாவோ மாறித்தான் போகணும்.

ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும் செம ஷாக். வண்டிங்க எல்லாம் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம் ஓடுது! 1964 செப்டம்பர் 21 வரைக்கும் பிரிட்டிஷ்காரன் ஆண்ட ஊர். அவன் விட்டுட்டுப் போன மிச்சம்தான் இடது பக்க டிராஃபிக், மூணு பின் சதுர பிளக், ஆட்சி மொழியா இங்கிலீஷ். இன்னொரு ஆட்சி மொழி மால்டீஸ். அரபி வேர்ல பிறந்து, இத்தாலியனைக் கலந்து, ரோமன் எழுத்துல எழுதற மொழி. கத்தோலிக்க நாடு, ஆனா கடவுளுக்கு 'அல்லா'னுதான் சொல்றாங்க. 'எக்ஸ்'னு எழுதினா 'ஷ்'னு படிக்கணும். 'க்யூ'னு எழுதினா தொண்டையில ஒரு சின்ன விக்கல். பஸ் போர்டைப் படிக்கறதுக்குள்ள பஸ் போயிடும்.

பஸ்னதும் ஞாபகம் வருது... ஸ்டாப்புல சும்மா நின்னா பஸ் நிக்காது. கையை நீட்டணும். இது தெரியாம நான் ரெண்டு பஸ்ஸை விட்டேன். கோடையில ஒரு டிக்கெட் இரண்டரை யூரோ, ரெண்டு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் வேணும்னாலும் மாறலாம். ஒரு வாரம் இருக்கப் போறீங்கன்னா சுமார் 25 யூரோவுக்கு ஏழு நாள் கார்டு லாபம். அங்கே குடியிருக்கறவங்களுக்கு 2022 அக்டோபர்லேர்ந்து கார்டு வெச்சிருந்தா பஸ் ஃப்ரீ. ''நம்ம ஊர்ல லேடீஸுக்கு ஃப்ரீ, இங்க எனக்கு ஃப்ரீ. எங்க போனாலும் ஓசிதான்!''னு அக்கா பெருமையா கார்டைத் தட்டுவாங்க.

எங்கே தலை சாய்க்கலாம்?

அக்கா வீடு ஹம்ரூன்ங்கற ஊர்ல. ஒரு ஃப்ளாட்ல ஆறு பொண்ணுங்க. ஆம்பளப் பசங்களுக்கு நோ என்ட்ரி. அதனால நான் ஸ்லீமாவுல ஒரு ஹாஸ்டல்ல எட்டு பேர் தூங்கற டார்மிட்டரியில பெட் போட்டேன். ஜூன் மாசத்துல ஒரு ராத்திரிக்கு 28 யூரோ. கடற்கரை நடைபாதை பக்கத்துலயே, வலெட்டாவுக்குப் படகும் உண்டு.

ஆட்டம் பாட்டம் வேணும்னா பக்கத்துல பேஸ்வில் இருக்கு. விடிய விடிய பப் சத்தம். தூக்கம் வேணும்கறவங்க அந்தத் தெருவுல ரூம் போட்டுடாதீங்க. காசு கம்மியா ஹோட்டல் ரூம் வேணும்னா வடக்கே புஜிப்பா. அமைதியா, பழைய கல் வீட்டுல தங்கணும்னா துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் பிர்கு. வலெட்டாவுக்கு உள்ளேயே பழைய மாளிகைகளை ஹோட்டலாக்கி வெச்சிருக்காங்க... வெளியே நின்னு போட்டோ எடுத்துக்கலாம், அது ஃப்ரீ! புக் பண்ணும்போது ஏ.சி-க்குத் தனியா காசானு கேட்டுக்குங்க. ஒரு ராத்திரிக்கு இவ்வளவுனு சின்னதா ஒரு சுற்றுச்சூழல் வரியும் வாங்குவாங்க.

பன்னிரண்டு மணி பீரங்கி!

வலெட்டாதான் தலைநகரம். நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். ஆனா சிவில் பசங்க கையெடுத்துக் கும்பிடணும். 1565-ல துருக்கி ஒட்டோமான் படை இந்தத் தீவை முற்றுகை போட்டுச்சு. செயின்ட் ஜான் வீரர்களும் ஊர் ஜனங்களும் சேர்ந்து நாலு மாசம் தாக்குப்பிடிச்சு ஜெயிச்சாங்க. அடுத்த வருஷமே, 1566-ல, அவங்க தலைவர் ழான் டி வலெட் பேர்ல புது ஊருக்கு அஸ்திவாரம். போப் அனுப்பி வெச்ச இன்ஜினீயர் ஃப்ரான்செஸ்கோ லாப்பரெல்லி ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி நேர் நேராத் தெருக்களைப் போட்டாரு. எந்தத் தெரு முனையில நின்னாலும் கடைசியில கடல் தெரியுது. வீட்டுக்கு வீடு கலர் கலரா மூடின மர பால்கனி. சுவர் எல்லாம் தேன் கலர் சுண்ணாம்புக் கல். சாயங்கால வெயில்ல ஊரே பர்ஃபி மாதிரி இருக்கு.

செயின்ட் ஜான் பேராலயம் வெளியே பார்த்தா சப்பையா ஒரு கோட்டை மாதிரி. உள்ளே காலை வெச்சதும்... யப்பா! தரை முழுக்க வீரர்களோட கலர் மார்பிள் கல்லறைகள். அதனாலயே குச்சி ஹீல்ஸ் போட்டு வந்தா உள்ளே விடமாட்டாங்க. தோள் மூடின டிரெஸ் அவசியம். ஓவியர் கரவாஜ்ஜியோ 1608-ல வரைஞ்ச 'திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுதல்' இங்கேதான் இருக்கு. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் இது. எங்கே போட்டிருக்கார் தெரியுமா? யோவான் கழுத்துலேர்ந்து வழியற ரத்தத்துல! ஒரு கொலை பண்ணிட்டு ரோமை விட்டு ஓடி வந்த ஆள், இங்கே வீரராச் சேர்ந்து, மறுபடி சண்டை போட்டு ஜெயிலுக்குப் போய், அங்கேர்ந்தும் எஸ்கேப். நம்ம ஹாஸ்டல் ரவுடிங்க எல்லாம் பிச்சை வாங்கணும்.

அப்பர் பராக்கா தோட்டத்துல நின்னா கீழே மொத்தத் துறைமுகமும் தெரியும். தினமும் மதியம் 12 மணிக்கும் 4 மணிக்கும் பீரங்கி வெடிப்பாங்க. 'டமார்'னு சத்தம் வந்ததும் அக்கா, ''ஏ யம்மா!''னு துள்ளிட்டாங்க. அப்புறம் பீரங்கியையே ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தாங்க. அவங்க வேலை பண்ற இடம் வலெட்டாவுக்குப் பக்கத்துலதான். ''மூணு வருசமா டெய்லி கேக்கேன் மக்கா. எங்கயோ கட்டடம் இடிக்கானுவன்னு நெனச்சேன். பெரியவங்களுக்குச் சோறு ஊட்டுற நேரம் அது. சத்தம் கேட்டா ஊட்ட ஆரம்பிப்பேன்.''

டீக்கடை பெஞ்ச் இங்கேயும் உண்டு!

சாப்பாட்டுக்கு வருவோம். மால்டாவோட தேசிய ஸ்நாக்ஸ் பஸ்தீட்ஸி. அடுக்கடுக்கா மொறுமொறுனு உரியற மாவு, உள்ளே ரிக்கோட்டா சீஸ் இல்லேன்னா மசிச்ச பட்டாணி. நம்ம பேக்கரி பஃப்ஸோட ஒண்ணு விட்ட அண்ணன். விலை ஒரு யூரோவுக்குள்ள. ரெண்டு சாப்பிட்டா ஒரு வேளை ஓவர். சுத்த சைவம்னா மாவுல என்ன கொழுப்பு சேர்த்தாங்கனு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. பழைய காலத்து பஸ்தீட்ஸி கடைகள்ல டீயும் உண்டு... பால் ஊத்தி, ஸ்ட்ராங்கா, கண்ணாடி கிளாஸ்ல! எனக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரியே ஒரு ஃபீலிங்.

அடுத்து ஃப்தீரா. வட்டமா, தட்டையா ஒரு ரொட்டி. தக்காளி, ஆலிவ், கேப்பர், டியூனா வெச்சு மடிச்சுத் தருவாங்க. 2020-ல யுனெஸ்கோவோட கலாசாரப் பாரம்பரியப் பட்டியல்லயே ஏறின ரொட்டி. பீச்சுக்குப் பார்சல் கட்ட பெஸ்ட். அவரை வகைப் பயறை மசிச்சுப் பூண்டு போட்ட 'பிகில்லா', பேரீச்சம்பழம் வெச்சு எண்ணெய்ல பொரிச்ச 'இம்ஹாரெட்', ஆட்டுப் பால்ல செஞ்ச குட்டிக் குட்டி 'ஜ்பேனா' சீஸ் எல்லாம் டிரை பண்ணுங்க. 'கின்னி'னு ஒரு கூல்டிரிங்க் இருக்கு, 1952-லேர்ந்து விக்கிறாங்க. கசப்பு ஆரஞ்சு. முதல் மடக்குல கஷாயம், மூணாவது மடக்குல ஃப்ரெண்ட்.

மால்டாக்காரங்க உயிரை விடறது முயல் கறிக்கு. ஜூன் 29 'இம்னார்யா' திருவிழாவுக்கு முந்தின ராத்திரி புஸ்கெட் தோப்புல குடும்பம் குடும்பமா முயல் சமைச்சு, பாட்டுப் பாடி விடிய விடிய இருக்கறது அந்த ஊர் வழக்கம். 'லம்பூகி' மீன் ஆகஸ்ட் கடைசிக்கு மேலதான் சீஸன். பனை ஓலையைக் கட்டிக் கடல்ல மிதக்க விட்டு, அந்த நிழலுக்கு வர்ற மீனை வலை போட்டுப் பிடிப்பாங்களாம். உட்கார்ந்து சாப்பிடற ரெஸ்டாரன்ட்ல ஒரு மெயின் டிஷ் 15 யூரோவுக்கு மேல. அதனால நாங்க ஞாயித்துக்கிழமை மார்ஸஷ்லோக் மீன் சந்தைக்குப் போனோம்.

'லூட்ஸு' படகுங்க அங்கேதான் வரிசையா நிக்கும். நீலம், மஞ்சள், சிவப்புப் பட்டை, முன்பக்கம் ரெண்டு கண்ணு வரைஞ்சிருக்கும். கடல்ல ஆபத்து வராம அந்தக் கண்ணு பார்த்துக்கும்னு நம்பிக்கை. அக்கா குனிஞ்சு செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி, ஆறு யூரோவுக்கு மீன் வாங்கினாங்க. அன்னிக்கு ஃப்ளாட் வாசல் படிக்கட்டுல உட்கார்ந்து நான் சாப்பிட்டது தேங்கா அரச்ச மீன் கொழம்பு. சாரி மால்டா... டூர்லயே பெஸ்ட் சாப்பாடு அதுதான்!

ஒரு ஆறுகூட இல்லாத நாடு!

ஒரு நிமிஷம் சிவில் கண்ணாடியைப் போட்டுக்கறேன். மால்டாவுல ஆறு இல்லை, ஏரி இல்லை, மலையும் இல்லை. குழாய்த் தண்ணியில பாதிக்கு மேல கடல் தண்ணியை ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்ல சுத்தம் பண்ணினது. நம்ம மீஞ்சூர், நெம்மேலி பிளான்ட் மாதிரி. ஆனா 1980-கள்லயே ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கும் முன்னாடி? வலெட்டாவைக் கட்டும்போதே ஒவ்வொரு வீட்டுக்குக் கீழேயும் மழைத் தண்ணித் தொட்டி இருக்கணும்னு சட்டம். 16-ம் நூற்றாண்டுல! தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினது 2003-ல.

மோஸ்டாங்கற ஊர்ல இருக்கற வட்டக் கோயிலையும் மிஸ் பண்ணாதீங்க. 1833-ல ஆரம்பிச்சு கட்டின மாபெரும் கும்மட்டம். உள்ளே இருந்த பழைய கோயிலை இடிக்காம, அதுல பூசை நடந்துட்டு இருக்கும்போதே சுத்திக் கட்டி எழுப்பினாங்க. 1942 ஏப்ரல் 9-ம் தேதி, பூசைக்குக் கூட்டம் கூடியிருந்த நேரத்துல, ஜெர்மன் விமானம் போட்ட குண்டு கும்மட்டத்தைப் பிச்சுக்கிட்டு உள்ளே விழுந்து... வெடிக்கலை! சுமார் 300 பேர் தப்பிச்சாங்க. அந்தக் குண்டோட மாதிரியை இன்னமும் உள்ளே வெச்சிருக்காங்க. அந்த வருஷம் இந்தத் தீவு பட்ட பாட்டுக்காக பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் மொத்தத் தீவுக்குமே 'ஜார்ஜ் கிராஸ்' கொடுத்தார். மால்டா கொடியோட மூலையில இருக்கறது அதுதான்.

பக்கத்துலயே இம்தீனா, பழைய தலைநகரம். மதில் சுவருக்குள்ள சில நூறு பேர்தான் குடியிருக்காங்க. பேரே 'மௌன நகரம்'. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் சீஸன்ல வர்ற கோட்டை வாசல் இதுதான். பஸ் கூட்டமெல்லாம் போன பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு மேல போங்க. உங்க செருப்புச் சத்தம் உங்களுக்கே கேக்கும்.

பூமிக்கு அடியில ரெண்டு டிக்கெட்!

இந்த டூர்ல நான் ரொம்ப நாள் கனவு கண்ட இடம் ஹைப்போஜியம். பாவ்லாங்கற ஊர்ல, தெருவுக்கு அடியில, பாறையைக் குடைஞ்சு மூணு அடுக்கா ஒரு கல்லறை. 1902-ல வீடு கட்டத் தோண்டின வேலையாட்கள் தற்செயலா கண்டுபிடிச்சது. வேலை ஆரம்பிச்சது சுமார் 6,000 வருஷத்துக்கு முன்னாடி. உலோகமே இல்லாத காலத்துல, கல்லும் மான் கொம்பும் வெச்சுக் குடைஞ்சிருக்காங்க. சுமார் 7,000 பேரோட எலும்பு இங்கே இருந்திருக்கும்னு கணக்கு. மனுஷங்க மூச்சுக்காத்துல சுவர் ஓவியம் அழியுதுனு ஒரு நேரத்துக்குப் பத்து பேரைத்தான் விடறாங்க. வாரக்கணக்கா, சீஸன்ல மாசக்கணக்கா முன்னாடியே புக் பண்ணணும். நான் மார்ச் மாசமே ரெண்டு டிக்கெட் போட்டு, அக்காகிட்ட சொல்லாம சஸ்பென்ஸா வெச்சிருந்தேன்.

முந்தின நாள் சொன்னேன். அக்கா முகம் மாறிடுச்சு. ''நாளைக்கு எனக்கு டபுள் டியூட்டி மக்கா. இன்னைக்குத்தான் ரோஸ்டர மாத்துனாங்க.''

''லீவு கேளுங்கக்கா.''

''கேக்க முடியாது. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்.''

அன்னிக்கு ராத்திரிதான் எல்லாத்தையும் சொன்னாங்க. ஊர்ல ஒரு ஏஜென்ட் 'நர்ஸ் வேலை'னு சொல்லி ஆறு லட்சம் வாங்கியிருக்கான். வட்டிக்கு எடுத்த பணம். இங்கே வந்து இறங்கினா வேலை நர்ஸ் இல்லை, கேர் ஒர்க்கர். மால்டாவுல நர்ஸா இருக்கணும்னா அந்த ஊர் நர்ஸிங் கவுன்சில்ல தனியாப் பதிவு பண்ணணும். அதைப் பத்தி அந்த ஆள் மூச்சே விடலை. குளிப்பாட்டி, துணி மாத்தி, சோறு ஊட்டி மூணு வருஷத்துல கடன்ல பெரும் பகுதியை அடைச்சுட்டாங்க. இடையில பதிவுக்கான பேப்பர்களையும் ஒண்ணு ஒண்ணா சேர்த்துட்டு இருக்காங்க. வீட்டுல யாருக்கும் தெரியாது. ''அம்மைக்குத் தெரிஞ்சா தூங்க மாட்டா. அதான் கடல் போட்டோ போட்டேன்.''

எனக்குப் பேச்சே வரலை. டி.பி-க்கு லைக் போட்டதுல நானும் ஒருத்தன்.

காலையில ஆறு மணிக்கு போன். கூட வேலை பாக்கற ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா, ''காலை ஷிஃப்டை நான் பார்த்துக்கறேன், நீ உன் தம்பிகூடப் போ''னு சொல்லிட்டாங்களாம். அவங்களுக்கு என் சார்பா ரெண்டு டஜன் பஸ்தீட்ஸி!

உள்ளே போட்டோவுக்குத் தடை. அதனால நான் சொல்றதை நீங்க நம்பித்தான் ஆகணும். இருட்டு. மெல்லிசா வெளிச்சம். தலைக்கு மேல பாறையில செங்காவி நிறத்துல சுருள் சுருளா வரைஞ்சிருக்காங்க. பார்த்ததும் மார்கழி வாசல்தான் ஞாபகம் வந்துச்சு. ஒரு அறையில ஆழமான ஆம்பளைக் குரல்ல பேசினா சுவரெல்லாம் அதிருமாம். அக்கா ஒரு வார்த்தை பேசலை. வெளியே வந்ததும்தான், ''செத்தவங்களுக்கு எவ்வளவு பாடுபட்டுருக்காங்க பாத்தியா''ன்னாங்க.

அங்கே கிடைச்ச 'தூங்கும் பெண்' சுடுமண் சிலை வலெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்துல இருக்கு. உள்ளங்கை அளவுதான். ஒருக்களிச்சு, கையைத் தலைக்கு வெச்சுப் படுத்திருக்கா. தெய்வம்னு சிலர், மரணத்தோட உருவம்னு சிலர் சொல்றாங்க. அக்காவோட ஆராய்ச்சி முடிவு: ''டபுள் டியூட்டி முடிச்சுட்டு வந்து விழுந்தவ மாதிரி இருக்கு!'' மியூசியம்னுகூடப் பார்க்காம ரெண்டு பேரும் சிரிச்சோம்.

கோஸோவுல ஒரு ராத்திரி

மறுநாள் அக்காவுக்கு வார லீவு. சிர்கெவ்வாவுல இருந்து கோஸோ தீவுக்குப் படகு, 25 நிமிஷம். போகும்போது டிக்கெட்டே கேக்கமாட்டாங்க. திரும்பி வரும்போதுதான் 4 யூரோ 65 சென்ட். போனவன் திரும்பித்தானே ஆகணும்ங்கற லாஜிக்!

ஜிகன்டியா கோயில் கி.மு. 3600 வாக்குல கட்டினது. எகிப்து கிசா பிரமிடைவிட சுமார் ஆயிரம் வருஷம் சீனியர். ஐம்பது டன் எடைக் கல்லை எப்படி நகர்த்தினாங்க? அவரையும் தேனும் சாப்பிட்டு வளர்ந்த ஒரு ராட்சசி, குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டே கட்டினானு ஊர்க் கதை. சித்தாள் வேலைக்குப் போற நம்ம ஊர் அம்மாக்களைப் பார்த்தவங்களுக்கு இதுல ஆச்சரியமே இருக்காது.

விக்டோரியா ஊர்ல உச்சியில கோட்டை. 1551-ல ஒட்டோமான் படை தீவுல இருந்த கிட்டத்தட்ட எல்லாரையும் அடிமையாப் பிடிச்சுட்டுப் போச்சு. கோட்டைச் சுவர்ல நின்னு சுத்தி வயலைப் பார்க்கும்போது அந்த நினைப்பு ஒரு மாதிரி பண்ணும். டுவேராவுல 'அஸூர் விண்டோ'னு பழைய போஸ்ட்கார்டுல எல்லாம் இருக்கற கல் வளைவைத் தேடாதீங்க. 2017 மார்ச் 8-ம் தேதி புயல்ல இடிஞ்சு கடலுக்குள்ள போயிடுச்சு. ஆனாலும் போங்க, பாறையும் கடலும் அங்கேயேதான் இருக்கு. வடக்குக் கரையில பாறையைச் சதுரம் சதுரமா வெட்டின உப்பளம். அக்கா உடனே, ''நம்ம புத்தளம்!''னு கத்திட்டாங்க.

ராத்திரிக்கு ஒரு பழைய பண்ணை வீட்டுல ரூம், ரெண்டு பேருக்கும் சேர்த்து 70 யூரோ. கோஸோவுல இந்த மாதிரி கல் வீடுங்க நிறைய. நாலஞ்சு பேர் கேங்கா போனா முழு வீட்டையே எடுத்துக்கலாம், ஹாஸ்டலைவிட சீப்பா முடியும்.

சாயங்காலம் ரம்லா பீச். மணல் செம்பட்டை நிறம். அக்கா செருப்பைக் கழட்டிட்டு முழங்கால் வரைக்கும் தண்ணியில இறங்கினாங்க. மூணு வருஷத்துல முதல் தடவை மால்டா கடல்ல கால் நனைக்கறாங்க. அங்கேர்ந்தே பெரியம்மாவுக்கு வீடியோ கால்.

''ஏட்டி, இது நம்ம கன்னியாகுமரி மணலு மாதிரில்லா இருக்கு? இதுக்கா அவ்வளவு தூரம் போன?''

அக்கா சிரிச்சுக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சாங்க. ஏஜென்ட், கடன், வேலை... எல்லாத்தையும். நான் தள்ளிப் போய் அலையைப் பார்த்துட்டு நின்னேன். அரை மணி நேரம் கழிச்சு வந்தாங்க. கண்ணு சிவந்திருந்துச்சு. ''அம்மைக்கு ஆறு மாசமாவே சந்தேகமாம். என் கையப் பாத்தாளாம். டெட்டால்ல தோல் உரிஞ்சிருக்குன்னு.''

கோமினோ? நாங்க போகலை. அதோட 'ப்ளூ லகூன்' கண்ணாடி மாதிரி தண்ணிக்குப் பேர் போனது, கூட்டத்துக்கும் பேர் போனது. 2025-லேர்ந்து முன்கூட்டியே ஆன்லைன்ல புக் பண்ணிட்டுத்தான் போகணும், புக்கிங் இலவசம். காலைல முதல் படகுல போனா தப்பிச்சீங்க.

பாக்கெட் டிப்ஸ்!

* ஜூன், செப்டம்பர் பெஸ்ட். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம்ம அக்னி நட்சத்திரத்துக்கு சவால் விடும், ரூம் விலையும் ஏறிடும்.

* காலேஜ் ஐ.டி கார்டை மறக்காதீங்க. நிறைய இடங்கள்ல ஸ்டூடன்ட் டிக்கெட் உண்டு. கோயில், கோட்டைனு நிறையப் பார்க்கறவங்களுக்கு ஒரே பாஸா கிடைக்குது. ஹைப்போஜியம் மட்டும் அதுல வராது, தனி டிக்கெட்.

* துறைமுகத்தைக் கடக்க 'டைசா'ங்கற சின்னப் படகு இருக்கு. ரெண்டு, மூணு யூரோவுல ராஜா மாதிரி போகலாம்.

* கோடை முழுக்க ஊருக்கு ஊர் புனிதர் திருவிழா. சுருவத்தைத் தோள்ல தூக்கி, பேண்ட் வாசிச்சு, வாணவேடிக்கை விட்டு... கோட்டார் சவேரியார் திருவிழா பார்த்தவங்களுக்குச் சொந்த ஊர் மாதிரியே இருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

* வெளிநாட்டு வேலைனு யாராவது ஆசை காட்டினா, அந்த ஏஜென்ட் இந்திய அரசோட 'இ-மைக்ரேட்' தளத்துல பதிவு பண்ணினவரானு முதல்ல தேடுங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாய், அதுக்கு ஜி.எஸ்.டி., அதுக்கு மேல கட்டணம் வாங்கக் கூடாதுங்கறது விதி. லட்சத்துல கேட்டா அங்கேயே எந்திரிச்சு வந்துடுங்க. கான்ட்ராக்ட்ல என்ன வேலைனு எழுதியிருக்கோ, அதான் வேலை. வாயில சொல்றது இல்லை.

ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. அக்காவோட கான்ட்ராக்ட் புதுப்பிச்சாச்சு. நர்ஸிங் பதிவுக்கு பேப்பர் எல்லாம் கொடுத்துட்டாங்க, பதிலுக்குக் காத்திருக்காங்க. கடன்ல மிச்சம் இருந்ததுக்குப் பெரியம்மா வளையலை வித்துட்டாங்க. ''மூணு வருசம் தனியா சொமந்தது போதும்''னு ஒரே வார்த்தை. டிசம்பர்ல சவேரியார் திருவிழாவுக்கு அக்கா வர்றாங்க.

டி.பி-யும் மாறிடுச்சு. இப்போ கடல் மட்டும் இல்லை, அக்காவும் இருக்காங்க. முழங்கால் வரைக்கும் நனைஞ்ச சுடிதார், கையில செருப்பு.

உங்க வீட்டுலயும் துபாய், சிங்கப்பூர், ஐரோப்பானு எங்கயாவது ஒரு அக்காவோ அண்ணனோ இருப்பாங்க ஃப்ரெண்ட்ஸ். ''அவங்களுக்கென்ன, ஜாலி!''னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு, ''அந்த ஊர்ல நீங்க இன்னும் பார்க்காத இடம் எது?''னு கேளுங்க. அப்புறம் உண்டியலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்து, ரெண்டு டிக்கெட்டா போடுங்க!